அயர்லாந்து ஆற்றில் விரித்த ஜமக்காளம்

ஆம்பூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு ஆறு என்றால் மணல். எங்கள் பாலாற்றில் தண்ணீர் எப்போதாவது வந்து போகும் விருந்தாளி. வந்துவிட்டால் ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்க்கும். மற்ற நாட்களில் நடு ஆற்றில் நடக்கலாம், ஜமக்காளம் விரித்து உட்காரலாம், கையால் ஊற்றுத் தோண்டிக் குடிக்கலாம். ஜாக்கிரதை ஒன்றே ஒன்றுதான். மைசூர்ச் சீமையில் பெரிய மழை பெய்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெள்ளம் வந்துவிடும். ஆகையால் ஆற்றில் உட்காருகிறவர்கள் ஒரு கண்ணை மேற்கே, தண்ணீர் வரும் திசையில், வைத்திருக்க வேண்டும். இது எங்கள் ஊரில் பால் மறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். அயர்லாந்து தேசத்தில் எனக்கு நேர்ந்ததைப் படிக்கிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் கொஞ்சம் தயவு காட்ட வேண்டும்.

என் கணவருக்கு ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் சாலையில் உத்தியோகம். அயர்லாந்தில் ஒரு சிற்றூரில் புதிதாக டேனரி தொடங்கியவர்கள் எங்கள் தோலை வாங்கி, மெருகு போடும்போது வெடிக்கிறது என்று புகார் செய்தார்கள். முதலாளி சாயபு என் கணவரைக் கூப்பிட்டு, "நம்ம தோல்ல ஒண்ணும் இல்ல, அவங்க கையிலதான் இருக்கு. நீயே நேர்ல போய்ப் பாரு. சம்சாரத்தையும் கூட்டிக்கினு போ. நீ பேசறது தோல் இங்கிலீஷு, அந்தம்மா பேசறது ஸ்கூல் இங்கிலீஷு. ரெண்டும் சேந்தா ஒரு முழு இங்கிலீஷு ஆவும்" என்றார்.

நான் போவதற்கு வேறு காரணம் இருந்தது. எங்கள் மகள் சுகிர்தத்துக்கு அப்போது மூன்று முடிந்து நான்கு நடந்துகொண்டிருந்தது. முந்தின வருஷம் விஷ ஜுரத்தில் வாரக்கணக்கில் கிடந்தாள். ஜுரம் போயிற்று, நடை திரும்பவில்லை. கீழே விட்டால் நிற்பாள், இரண்டு கையையும் தூக்குவாள், அவ்வளவுதான். வேலூரில் ஒரு டாக்டரம்மா அவள் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "காலில் ஒன்றும் இல்லை, பயம்தான். குளிர்ச்சியான இடத்தில் தினமும் நடக்க விடு" என்றார். பயம் என்று சொல்லும்போது குழந்தையைப் பார்க்காமல் என்னை ஏன் பார்த்தார் என்று அப்போது விளங்கவில்லை.

என் மாமியாருக்கு நாங்கள் அவளை எடுத்துப் போவதில் சம்மதமில்லை. "பனியில காலு இன்னும் முடங்கிப்பூடும். கொழந்தய எங்கிட்ட வுட்டுட்டுப் போ" என்றார். அவர் சொல்லை நான் தட்டியதே கிடையாது. அன்றைக்கு என்ன வந்ததோ, "நடக்க வச்சே கூட்டிக்கினு வர்றேன் அத்தே" என்று சொல்லிவிட்டேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "பாக்கலாம்" என்றார். கப்பலில் எங்களுடன் அந்த ஒரு வார்த்தையும் ஏறிக்கொண்டது.

அயர்லாந்தில் நாங்கள் தங்கியது மிஸஸ் கீன் என்ற விதவை அம்மாளின் வீட்டில். அந்த ஊர் இங்கிலீஷ் என் பள்ளிக்கூட இங்கிலீஷ் அல்ல. ஏறி இறங்கி, கேள்விக்குக் கேள்வியாகவே பதில் சொல்லும் பாஷை. அதை நான் நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதப் போகிறேன். கொஞ்ச நாளில் என் காதில் அப்படித்தான் விழத் தொடங்கியது.

முதல் நாள் மத்தியானம் மிஸஸ் கீன் உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து மேசை நடுவில் குவித்தார். வெண்ணெய், உப்பு, மோர். இரவும் அதுவே. மறுநாள் காலையில் ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு, "காலங்காத்தால கெழங்கு இல்லம்மா, மனசுல வச்சுக்காதே" என்று வருத்தப்பட்டார். நான் பெட்டியிலிருந்து மிளகாய்ப் பொடியை எடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்து ஒன்பது தும்மல் தும்மிவிட்டு, மூக்கடைப்புக்கு இதைவிட நல்ல மருந்து கண்டதில்லை என்று ஒரு சிட்டிகை கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

டேனரியில் என் கணவருக்குக் காலையில்தான் வேலை. ஆகவே பிற்பகலில் நடப்பது என்று திட்டம் போட்டோம். நடப்பது என்றால், நாங்கள் இருவரும் நடப்பது. சுகிர்தம் என் இடுப்பில் வருவது.

திங்கட்கிழமை ஆற்றோரம் போனோம். அகலமில்லாத ஆறு, ஆனால் கரை முட்ட ஓடுகிறது. அவ்வளவு தண்ணீர் ஓடியும் பார்க்க ஒருவர்கூட வந்து நிற்கவில்லை. இரண்டு பசுக்கள் நின்றன. அவையும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. குழந்தையோடு தண்ணீர் ஓரம் போகப் பயந்து நான் பாதையின் மறு ஓரத்தை ஒட்டியே நடந்தேன். அந்த ஓரத்தில் நம் செந்தட்டிக்குச் சித்தப்பா மகனான ஒரு செடி இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அது பட்டதும் அரித்து, என் கை முழங்கை வரை தடித்துப் போயிற்று. எதிரே வந்த கிழவர் ஒருவர் பக்கத்திலேயே முளைத்திருந்த அகலமான இலையைப் பறித்துத் தேய்க்கக் கொடுத்தார்.

"ஆத்துக்குப் பயந்து முள்ளுல உழுந்தியே டீச்சரம்மா" என்றார் என் கணவர். கல்யாணத்துக்கு முன் நான் மூன்று வருஷம் டீச்சராக இருந்தேன். கேலி செய்யும்போது மட்டும் அவருக்கு அது ஞாபகம் வரும்.

"சிரிங்க. ஆத்துல உழுந்திருந்தா யார் எடுக்கறது?"

"மாடு ரெண்டு இருந்துச்சே."

புதன்கிழமை காட்டுக்குள் போனோம். காடு என்றால் நம் ஏலகிரிக் காடு மாதிரி இல்லை. யாரோ பெருக்கி வைத்ததுபோல் இருந்தது. அடியில் முழுக்கப் பச்சைப் பாசி மெத்தை. நானோ குடையால் தரையைத் தட்டிக்கொண்டு, தொம் தொம்மென்று மிதித்துக்கொண்டு போனேன். பாம்புக்குச் சத்தம் கொடுக்க வேண்டுமே! இரவு இதைக் கேட்ட மிஸஸ் கீன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்கள் தேசத்தில் பாம்பே கிடையாதாம். முற்காலத்தில் ஒரு பரிசுத்தவான் எல்லாப் பாம்பையும் துரத்திவிட்டாராம். எந்தப் பக்கம் துரத்தினார் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் வந்து பார்த்தால் அவருக்கும் தெரியும்.

அந்தக் காட்டில் ஓக் மரங்களைக் கண்டதும் என் கணவருக்கு நிலைகொள்ளவில்லை. நாம் ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைப்பதுபோல் அவர்கள் முன்பெல்லாம் ஓக் பட்டையில் ஊறவைப்பார்களாம். பட்டையின் வீரியம் நாக்குக்குத்தான் தெரியும் என்பது ஆம்பூர்ச் சித்தாந்தம். ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து, நகத்தால் சுரண்டி, கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். அதே சமயம் பின்னால் துப்பாக்கியும் நாயுமாக ஒரு காவல்காரர் வந்து நின்றார். அவர் மரத்தைப் பார்த்தார், என் கணவரின் நாக்கைப் பார்த்தார். நாயும் பார்த்தது.

"பசிக்குதா?" என்றார் காவல்காரர் கடைசியில், மிகுந்த இரக்கத்தோடு.

அந்தக் காட்டில்தான் ஒரு முறை துணிந்து சுகிர்தத்தைப் பாசி மெத்தையில் இறக்கி விட்டேன். கடையில் வைத்த பொம்மை மாதிரி அசையாமல் நின்றாள். பத்தடி தள்ளி நின்று அவள் அப்பா கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவள் உதடு பிதுங்கியது, இரண்டு கையும் மேலே போயிற்று. உடனே தூக்கிவிட்டேன்.

"கொஞ்சம் அழட்டுமே" என்றார் அவர். இந்தத் தடவை கேலி இல்லை.

"ஈரமா இருக்குதுங்க. ஜுரம் வந்துடும்."

"நேத்து ரோட்டுல எறக்கலாம்னேன், கல்லு குத்தும்னே. இன்னிக்கு மெத்து மெத்துனு இருக்குது, ஈரம்ன்றே. மெட்ராஸ்ல ஒரு ரத்தினக் கம்பளம் ஆர்டர் கொடுத்துடட்டுமா?"

அன்று இரவு அவள் கால்களுக்கு எண்ணெய் தேய்க்கும்போது இரண்டு பாதத்தையும் கையில் எடுத்துப் பார்த்தேன். பிறந்த குழந்தையின் பாதம்போல் வழவழவென்று இருந்தது. நடக்கிற பிள்ளையின் பாதம் அப்படி இருக்காது. "பாக்கலாம்" என்ற குரல் ஆம்பூரிலிருந்து அங்கே வரைக்கும் கேட்டது.

சனிக்கிழமை கடல் பார்க்கப் புறப்பட்டோம். புளிச்சோறு கட்டிக்கொண்டேன். அந்த ஊர் மளிகைக் கடையில் பாயசத்துக்கு மட்டுமே அரிசி விற்கிறார்கள். அதில் புளிச்சோறு கிளறினால் களியாகிறது. களியையே உருண்டை பிடித்து எடுத்துக்கொண்டேன். அவித்த முட்டை, மிஸஸ் கீன் கொடுத்த ரொட்டி, குடை, மாற்றுத் துணி, ஜுரத்துக்கு ஒரு மருந்து, வயிற்றுக்கு ஒரு மருந்து, ஜமக்காளம். "பாய வுட்டுட்டியே" என்றார் என் கணவர்.

பஸ்ஸில் என் பக்கத்தில், மடியில் ஒரு உயிருள்ள கோழியோடு, கட்டுமஸ்தான ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெயர் பிரிஜித். கடற்கரையில் பாசி பொறுக்கிக் காயவைத்து ஊரில் விற்பது அவர் தொழில். இரண்டு மைல் போவதற்குள் எனக்கு எத்தனை பிள்ளை, ஏன் ஒன்றே ஒன்று, மாமியார் எப்படி, இந்தப் புடவை எத்தனை கஜம் என்று எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். நம் மாதனூர் பஸ்ஸில் ஏறிவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம். பிறகு சுகிர்தத்தை உற்றுப் பார்த்தார்.

"இவளுக்குக் காலு இல்லையா?"

"இருக்குதே."

"அப்புறம் இன்னாத்துக்கு உன் கால கடன் வாங்கிக்கினு போறா?"

எனக்குச் சுருக்கென்றது. ஜுரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கோழியைத் தடவிக்கொண்டே எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார். "எனக்கு ஏழு பசங்க. நான் தூக்கினது மொதல் ஒண்ணத்தான். மத்ததெல்லாம் எடம் இல்லாததால நடந்துச்சுங்க" என்றார். என் கணவர் முன் சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு குலுங்கியது.

பாதி வழியில் பஸ் புஸ்ஸென்று ஆவி விட்டு நின்றது. டிரைவர் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குத் தண்ணீர் கேட்கப் போனார். போனவர் வரவில்லை. "அது அவன் சித்தி வூடு. டீ போட்டுருப்பா" என்றார் பிரிஜித். அவசரம் யாருக்கும் இல்லை. அவர் கோழியோடு இறங்கி வயல் குறுக்கே தன் வீட்டுக்குப் போய்விட்டார். நாங்களும் சற்று நேரம் பார்த்துவிட்டு இறங்கி, ஆறு போகும் திசையில் கடலைத் தேடி நடந்தோம்.

ஒரு மேட்டைத் தாண்டியதும் நான் நின்றுவிட்டேன்.

எதிரே பாலாறு.

சத்தியமாக அதேதான். அகலமான மணல், ஆங்காங்கே மினுக்கும் சிறு ஓடை, அக்கரையில் பச்சை, யாருமில்லாத வெளிச்சம். திங்கட்கிழமை கரை முட்ட ஓடிய தண்ணீர் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றவில்லை; பாலாற்றுக்காரிக்கு ஆறு வற்றுவது அதிசயமா? அந்தத் தேசத்துக்கு வந்தபின் முதல் தடவையாக என் மார்பில் கட்டியிருந்த ஏதோ ஒன்று அவிழ்ந்தது. ஆற்றுக்கும் காட்டுக்கும் இல்லாத பாம்புக்கும் பயந்தவள், கல்மேல் கால் வைத்து ஓடையைத் தாண்டி, விறுவிறுவென்று நடு ஆற்றுக்கே போய் ஜமக்காளத்தை விரித்தேன். என் கணவரும் ஒரு வார்த்தை தடுக்கவில்லை. அவரும் ஆம்பூர்தானே!

நான் அஜாக்கிரதையாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் எந்தத் திசையிலிருந்து வரும் என்று முதலில் பார்த்தேன். மேடு அந்தப் பக்கம், டேனரி அந்தப் பக்கம். அந்தப் பக்கம் முகத்தை வைத்து, குழந்தையை மடியில் வைத்து, ஒரு கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தேன். முதுகுப் பக்கம் தூரத்தில் கடல் இருந்தது. அதைப் பற்றி எனக்கென்ன? ஆறு கடலுக்குப் போகும். கடல் ஆற்றுக்கு வருமா?

மணலில் கிளிஞ்சல்கள் கிடந்தன. சுகிர்தம் கைநிறைய அள்ளினாள். தோல் வேலைக்குச் சுண்ணாம்பு சுட யாரோ கொண்டுவந்து கொட்டியது என்று நான் எண்ணிக்கொண்டேன். ஒரு மாதிரி அழுகல் வாடை அடித்தது. ஆம்பூர் மூக்கு அதையெல்லாம் வாடை என்று கணக்கில் எடுப்பதில்லை. வழக்கம்போல் கையால் ஊற்றுத் தோண்டினேன். தண்ணீர் உடனே சுரந்தது. என் கணவர் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினார்.

"உப்பு!"

இருவரும் யோசித்தோம். பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"மேல டேனரி இருக்குதில்ல? உப்புத் தோல அலசின தண்ணி. நம்ம ஊர்ல கெணறு கெட்டுப்போன மாதிரி இவங்களுக்கு ஆறே கெட்டுப்போச்சு."

"ஐயோ பாவம்" என்றேன். உண்மையிலேயே பாவமாக இருந்தது. நாங்கள் இருவரும் அயர்லாந்து தேசத்துக்காக மனம் வருந்தியபடி புளிச்சோறு சாப்பிட்டோம்.

கரையில் ஒரு கழுதை வண்டி வந்து நின்றது. பிரிஜித் அம்மாள்தான். வண்டிமேல் ஏறி நின்று இரண்டு கையையும் வீசினார். நாங்களும் வீசினோம். அவர் இன்னும் பலமாக வீசினார். தொப்பியைக் கழற்றி வீசினார்.

"பஸ்ல பாத்த பழக்கத்துக்கு இன்னா மரியாத பாரு!" என்று என் கணவர் எழுந்து நின்று கும்பிட்டார். சுகிர்தமும் கையை ஆட்டினாள். பிறகு என் தோள்மேல் எட்டி, பின்னால் பார்த்து, சந்தோஷமாகச் சொன்னாள்:

"அம்மா, ஆறு வருது."

"எங்கேடி? நான்தான் பாத்துக்கினு இருக்கறேனே" என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

கடலிலிருந்து வந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல், நுரை ஓரம் கட்டி, மணலைத் துணி மடிப்பதுபோல் மடித்துக்கொண்டு, மேட்டைப் பார்த்து ஏறி வந்தது. என் வாழ்நாளில் ஆறு திரும்பி ஓடி நான் பார்த்ததில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கடலில் தண்ணீர் ஏறி இறங்குவது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. டீச்சராக இருந்தபோது எலுமிச்சம்பழத்தைச் சந்திரனாகப் பிடித்து மூன்றாம் வகுப்புக்கு நானே பாடம் எடுத்திருக்கிறேன். பாடத்தில் அது கடலுக்கு என்று இருந்தது. ஆற்றுக்கும் உண்டு என்று எலுமிச்சம்பழம் எனக்குச் சொல்லவில்லை. பிரிஜித் பஸ்ஸிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். கத்திரி வெயிலில் வெறுங்காலோடு மணலில் நடக்காதே என்று நாம் யாருக்காவது சொல்கிறோமா? அது மாதிரிதான்.

சுகிர்தத்தை இடுப்பில் வாரிக்கொண்டு எழுந்தேன். "ஏங்க!" என்று கத்தினேன். நாங்கள் தாண்டி வந்த ஓடைக்குள் அதற்குள் தண்ணீர் நுழைந்து, கல் எதுவும் தெரியவில்லை. "வந்த வழியா வாங்க! வந்த வழியா!" என்று பிரிஜித் வேறு பக்கம் கையைக் காட்டிக் கூவினார். எங்களுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. கரை எங்கே கிட்டத்தில் தெரிந்ததோ அங்கே நேராக ஓடினோம். என் கணவர் குழந்தையை வாங்கக் கையை நீட்டினார். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் விடவில்லை. "சரி, நான் முன்னால போய் ஆழம் பாக்கறேன், என் பின்னாலயே வா" என்று கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினார்.

தண்ணீர் தொடை வரை இருந்தது. எலும்பைக் கடிக்கும் குளிர். அவர் தாண்டினார், நானும் தாண்டிவிட்டேன். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே மணல் இல்லை, சேறு. கறுப்புச் சேறு. ஒரு அடி வைத்தேன், கணுக்கால் போயிற்று. அடுத்த அடியில் முழங்கால் போயிற்று. காலை இழுத்தேன்; இழுக்க இழுக்க இன்னும் உள்ளே வாங்கியது. நனைந்த புடவை ஒரு ஆள் எடை இருந்தது. இடுப்பில் அவள். பின்னால் தண்ணீர் புடவை நுனியைத் தொட்டது.

என் கணவரும் சேற்றில் மாட்டிக்கொண்டு கூடையை வீசிவிட்டு என் பக்கம் திரும்பப் பார்த்தார். "நீ அசையாதே!" என்று பிரிஜித் அவரை அதட்டினார். கரைக் கல்லின்மேல் நின்று குனிந்து, கையை நீட்டி, என்னிடம் சொன்னார்:

"பொண்ணே, புள்ளய எறக்கி வுடு."

"மாட்டேன்!"

"நீ கனம், அதான் சேறு உன்னை வாங்குது. அவ கோழிக்குஞ்சு. மேலயே வந்துடுவா. எறக்கு!"

"அவளுக்கு நடக்கத் தெரியாது!" என்று நான் இங்கிலீஷில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று இன்றைக்கும் தெரியாது.

"நீ தூக்கினா ரெண்டு பேரும் போயிடுவீங்க. எறக்கு!"

தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறியது. என் கழுத்திலிருந்து அவள் கைகளை நான்தான் பிரித்தேன். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். எனக்கு முன்னால் சேற்றின்மேல் நிறுத்தினேன். அவள் நின்றாள். சேறு அவள் விரல்களைக்கூட மூடவில்லை. திரும்பி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி இரண்டு கையையும் தூக்கினாள்.

நான் என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"போடி கண்ணு. அம்மா வர்றேன். நீ போ."

ஒரு அடி. மறுபடி பார்த்தாள். இன்னொரு அடி. பிறகு பிரிஜித் நாக்கால் கொக்கொக்கென்று கோழியைக் கூப்பிடுகிற சத்தம் போட்டார். சுகிர்தம் சிரித்துவிட்டாள். பச் பச்சென்று நடந்தாள். கடைசி நாலடி ஓடினாள். பிரிஜித்தின் பாவாடையில் போய் முட்டிக்கொண்டு நின்றாள். கறுப்புச் சேற்றில் என்னிடமிருந்து கரை வரைக்கும் சின்னச் சின்னத் தடம், கொக்கு நடந்ததுபோல்.

இடுப்பில் எடை போனதும் சேறும் என்னைக் கொஞ்சம் விட்டது. பிரிஜித் கழுதை வண்டியின் பின்பலகையைக் கழற்றிச் சேற்றில் தள்ளினார். அதன்மேல் மார்பை வைத்து, அப்புறம் முழங்காலை வைத்து, நண்டு மாதிரி ஊர்ந்து வந்தேன். அடுத்து என் கணவர். ஆம்பூரில் சொல்லித் தைத்த அவர் ஷூ இரண்டும் சேற்றுக்குள்ளேயே தங்கிவிட்டன. கரையேறியதும் என் கணவர் வெறுங்காலைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார்.

"நம்ம தோலு வெடிக்குதுன்னாங்க இல்ல? நல்லா ஊறட்டும், பத்து வருஷம் கழிச்சு எடுத்துப் பாக்கச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. நான் அவரைக் கேலி செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் செய்தேன்.

பிரிஜித் வீட்டில், சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் எரியும் அடுப்பருகே எங்களை உட்காரவைத்து, பாசியைப் பாலில் காய்ச்சி இறுக்கிய ஒன்றைக் கிண்ணத்தில் கொடுத்தார். நோயில் கிடந்து எழுந்த பிள்ளைகளுக்கு அங்கே அதுதான் ஆகாரமாம். ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது. ரம்ஜான் மாதத்தில் சாயபு வீட்டிலிருந்து தட்டில் வருமே, கடல்பாசி, அதற்கு உடன்பிறப்பு. ரோஜா வாசனை மட்டும் இல்லை. சுகிர்தம் கிண்ணத்தை முடித்தாள். பிறகு இறங்கி, நடந்து போய், இன்னொரு கிண்ணத்துக்கு நீட்டினாள்.

"இப்ப இன்னா சொல்றே?" என்றார் பிரிஜித் என்னிடம். நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் எனக்கும் இன்னொரு கரண்டி போட்டார்.

ஜமக்காளம் போயே போயிற்று என்று நினைத்தோம். திங்கட்கிழமை மத்தியானம் என் கணவர் டேனரியிலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டு வந்தார். கடலுக்குப் போக வேண்டியது, ஏறி வந்த தண்ணீரோடு மேலே மிதந்து டேனரிப் படித்துறையில் ஒதுங்கியிருக்கிறது. அங்கிருந்தவர்கள் இது என்ன மிருகத்தின் தோல் என்று விவாதித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டுமென்று மற்ற தோல்களோடு ஆணியடித்துக் காயப்போட்டிருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு தினமும் நடந்தோம். மூன்று பேர். அவள் முன்னால், நாங்கள் பின்னால். ஆற்றோரம் போனாள், காட்டில் பாசியில் உருண்டாள், செந்தட்டியில் கையை விட்டு அழுதாள், தானே இலையைப் பறித்துத் தேய்த்துக்கொண்டாள். பெரிய பாறையில் ஏறும்போது என் வாய் வரைக்கும் "வேணாம்" வந்து நிற்கும். விழுங்குவேன். என் இடது கை மட்டும் பழக்கத்தில் இடுப்பருகே வளைந்தே இருந்தது. அதில் குடையை மாட்டிக்கொண்டேன்.

ஆம்பூர் ஸ்டேஷனில் மாமியார் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். சுகிர்தம் ரயில் படியைத் தானே இறங்கி, அவர் கைக்குக் கீழே புகுந்து, நிலக்கடலைக்காரனை நோக்கி நடந்துபோய்விட்டாள். என் மாமியார் அவள் போவதையே பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னாடி இது, இத்தினி வெயில்ல கொழந்தய நடக்க வுட்டுட்டு நிக்கறியே, தூக்கக் கூடாதா?" என்றார். நான் "சரி அத்தே" என்றேன். தூக்கவில்லை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாலாற்று மணலில் அந்த ஜமக்காளத்தைத்தான் விரிக்கிறோம். துவைக்கத் துவைக்க அதில் டேனரி வாடை போகவில்லை. எந்த ஊர் டேனரி வாடை என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. உட்கார்ந்ததும் நான் மேற்கே ஒரு தடவை பார்ப்பேன். பிறகு கிழக்கே ஒரு தடவை பார்ப்பேன்.

"டீச்சரம்மா, கடலு இங்கேந்து நூறு மைலு" என்பார் என் கணவர்.

"இருக்கட்டும்" என்பேன். நான் இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் அவள் ஓடுகிறாள்.